மாமனைக் கட்டினவளுக்கு நாத்தனார் யார்?

"கல்யாணத்துக்கெல்லாமா பிஎச்டி குடுக்கறாங்க?"

குருபரப்பள்ளியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் கிட்டத்தட்ட இல்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், பால் சொசைட்டிக்கு வருகிற பெரியவர், மாங்காய் மண்டிக் கணக்கப்பிள்ளை, எல்லாரும் கேட்டாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும்: "அப்படின்னா எனக்குத்தாம்மா மொதல்ல குடுக்கணும். முப்பது வருஷமா இந்த மனுசனோட குடும்பம் நடத்தறேன்."

நியாயமான கோரிக்கை. யுஜிசிக்கு எழுதிப் போடலாம்.

நான் படிப்பது கல்யாணம் செய்வது எப்படி என்று இல்லை. குடும்ப சிகிச்சை என்று ஒரு துறை. அதன் அடிப்படை எண்ணம் எளிமையானது. பிளஸ் ஒன் படிக்கிற பையன் திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். வழக்கமான மருத்துவம் பையனை மட்டும் உட்கார வைத்து அவனுக்கு என்ன கோளாறு என்று பார்க்கும். குடும்ப சிகிச்சைக்காரர், அப்பா அம்மா பாட்டி தங்கச்சி எல்லாரையும் அழைத்து, இந்த வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசி எத்தனை நாள் ஆகிறது, பையன் வீட்டில் இருந்தால் யாருக்கு நிம்மதி என்று கேட்பார். அப்பாவும் அம்மாவும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை, பையன் வழியாகத்தான் சேதி போகிறது, அவன் பள்ளிக்குப் போனால் வீடு ஊமையாகிவிடும் என்று தெரியவரும்போது பையனின் 'கோளாறு' வேறு மாதிரி தெரியும். நோய் ஒரு ஆளுக்குள் மட்டும் இல்லை, ஆட்களுக்கு நடுவிலும் இருக்கிறது என்பதுதான் இந்தத் துறை சொல்வது.

எம்எஸ்டபிள்யூ முடித்து, ஒரு தொழிற்சாலையில் நலப் பிரிவில் வேலை பார்த்து, இப்போது பகுதி நேரமாகப் பிஎச்டியில் இருக்கிறேன். அந்த வேலையில் என் மேசைக்கு வந்த லீவ் லெட்டர்களில் பாதி 'உடம்பு சரியில்லை' என்று இருக்கும். உட்கார வைத்துக் கேட்டால் பத்து நிமிஷத்தில் வீடு வெளியே வரும். அங்கிருந்துதான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலை 44ல் இருக்கிறோம். பழைய ஆட்களுக்கு இன்னும் அது என்ஹெச் 7தான். ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் சிப்காட், டெல்டா எலெக்ட்ரானிக்ஸ். அதே ரோட்டில் நேராகப் போய் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குள் நுழைந்தால் அந்த ரோட்டுக்கே ஓசூர் ரோடு என்றுதான் பெயர். அதன் மேலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. எங்கள் பக்கத்தில் சண்டை முற்றினால் "உன்னைக் கொண்டுபோய் நிம்ஹான்ஸ்ல விட்டாத்தான் சரிப்படுவே" என்பது சகஜமான வசவு. அந்த வசவு சுட்டுகிற இடம்தான் குடும்ப சிகிச்சையில் இந்தியாவுக்கே முன்னோடி என்பது வசவு விடுகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

எதிர்த் திசையில் போனால் வேலூர். சிஎம்சியின் மனநல மையம் 1957ல் பாகாயத்தில் தொடங்கியது. அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம்: நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அதற்கும் முன்னால் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வார்டில் இடம் போதாமல், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளோடு குடும்பங்களையும் தங்க வைத்தார். அதே காலத்தில், 1954லிருந்து 59 வரை, அமெரிக்காவில் முர்ரே போவன் மனச்சிதைவு நோயாளிகளின் முழுக் குடும்பத்தையும் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து ஆராய்ந்தார். போவன் செய்தது புரட்சி என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுகிறது. அமிர்தசரஸும் வேலூரும் அடிக்குறிப்பில் வந்தால் உண்டு. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போனால் நாலு பேர் தூக்குச்சட்டியோடு கூடப் போவது இயல்புதானே, இதில் என்ன கண்டுபிடிப்பு என்று நாமே விட்டுவிட்டோமோ என்னவோ.

நிம்ஹான்ஸில் 1970களிலிருந்து சன்னபசவண்ணா, பாட்டி போன்றவர்கள் இதை ஒரு துறையாக வளர்த்தார்கள். (பாட்டி என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம். ஆர்.எஸ்.பாட்டி, மனநல சமூகப் பணித் துறைப் பேராசிரியர்.) இந்தியக் குடும்பங்களில் ஆட்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்று அளக்க அவர்கள் ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள், 1980களில். குடும்பமாக வந்து தங்கிச் சிகிச்சை பெற அங்கே தனி மையம் இருக்கிறது. ஆக, இந்தியாவில் குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குள் விட்ட இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவில்தான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் இருக்கிறது. ஆனால் ஊரில் குடும்பத் தகராறு என்றால் போகிற இடம் அந்த இரண்டும் இல்லை, மகளிர் காவல் நிலையம். 1992ல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு 'கவுன்சிலிங்' என்ற சொல்லை எங்கள் ஜனங்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். இரண்டு தரப்பையும் நிற்க வைத்து, பெரியவர்கள் நாலு பேர் பேசி, எழுதி வாங்கி அனுப்புவது. நான் ஒரு வீட்டுக்குப் போய் "கவுன்சிலிங் சம்பந்தமா" என்று ஆரம்பித்தால் முதல் கேள்வி: "யாரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தது?"

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

கோர்ஸ் ஒர்க்கில் முதலில் கற்றுக்கொடுப்பது ஜீனோகிராம். குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் படமாக வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கோடு. போவனின் வழியில் வளர்ந்து, 1985ல் மோனிகா மெக்கோல்ட்ரிக் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவிய கருவி. பயிற்சிக்கு உங்கள் சொந்தக் குடும்பத்தை வரையுங்கள் என்றார்கள்.

என் அப்பா கட்டியது அவருடைய சொந்த அக்கா மகளை. எங்கள் பக்கம் இது செய்தியே இல்லை. ஆனால் படம் வரையும்போதுதான் சிக்கல். என் அம்மாவின் அம்மா, எனக்கு ஆயா. அவளே அப்பாவின் அக்கா, அதனால் எனக்கு அத்தையும் அவள்தான். அப்பாவுக்கு மாமியார் அவருடைய அக்கா. அம்மாவுக்கு மாமியார் அவளைத் தூக்கி வளர்த்த பாட்டி. அம்மாவுக்கு நாத்தனார் யார் என்று பார்த்தால், பெற்ற தாய். மருத்துவ வரைபட மரபில் சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு போட வேண்டும். அவ்வளவுதான் விதி. நான் வரைந்ததில் மூன்று தலைமுறையும் இரட்டைக் கோடாகப் போய், ஒரே வட்டத்துக்கு நாலு பக்கத்திலிருந்தும் கோடு வந்து சேர்ந்து, கடைசியில் கோலம் மாதிரி ஆகிவிட்டது. கைடு மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை விளக்கவே ஒரு அத்தியாயம் வேணும் போலிருக்கே" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். என் தலைப்பு அன்றைக்கு முடிவாகிவிட்டது.

ஏன் இது வெறும் படச் சிக்கல் இல்லை என்று சொல்கிறேன். போவனின் பெயர் பெற்ற கருத்து 'முக்கோணம்'. இரண்டு பேருக்குள் இறுக்கம் ஏறினால் மூன்றாவது ஆள் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். புருஷனோடு மனஸ்தாபம் என்றால் பெண்டாட்டி தன் அம்மாவிடம் போவாள், அவன் தன் அம்மாவிடம் போவான். சிகிச்சையாளர் அந்த முக்கோணத்தைக் கண்டுபிடித்து, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேச வழி பண்ணுவார். இதெல்லாம் பிறந்த வீடு வேறு, புகுந்த வீடு வேறு என்றால் சரி. அக்கா மகளைக் கட்டிய வீட்டில் மூன்றாவது ஆள் எங்கே இருக்கிறார்? அவள் தன் தாயிடம் புருஷனைப் பற்றிக் குறை சொன்னால், அது அவனுடைய அக்காவிடம் சொல்வது. தான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைப் பற்றித் தன் மகள் குறை சொல்லக் கேட்கும் அந்த அம்மாள் யார் பக்கம் நிற்பாள்? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்ற மிரட்டலுக்கும் இங்கே பல் கிடையாது. அம்மா வீடு என்பது அவனுக்கு அக்கா வீடு, அவனே பின்னாலேயே சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டியே மாமியார் என்பதால் பல வீடுகளில் மருமகளுக்கு ஒரு செல்லம் கிடைக்கிறது. வரதட்சிணைப் பேச்சு குறைவு, சொத்து கைமாறுவதில்லை. என்னிடம் பேசிய ஒரு அக்கா சொன்னார்: "எங்க மாமா அடிக்க கை ஓங்கினா அவ்வா தடியெடுத்துக்கும். வெளியில குடுத்திருந்தா எவ கேக்கப் போறா?" அதே தெருவில் இன்னொருவர் சொன்னது நேரெதிர்: "வெளியாளா இருந்தா பஞ்சாயத்துல சொல்லலாம். இது எங்க வீட்டு விவகாரம்னு எங்கம்மாவே வாயைப் பொத்திட்டாங்க." இரண்டும் உண்மை. எப்போது எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு.

இது ஏதோ அழிந்துபோன வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு: 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த கல்யாணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில்தான். கர்நாடகாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மாமன்–அக்கா மகள் கல்யாணத்தை 1955ன் இந்து திருமணச் சட்டம் தடை செய்கிறது, வழக்கத்தில் இருக்கிற சமூகங்களுக்கு விலக்கு கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு மரபு நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று டாக்டர்கள் சொல்வதும் சரியே. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அதை மட்டும்தான் பேசுகிறார்கள். மானிடவியலில் லூயி துய்மோன் 1957லேயே தென்னிந்தியக் கொள்வினை கொடுப்பினையைப் பற்றி எழுதினார், டிராட்மன் 1981ல் திராவிட உறவுமுறை என்று முழுப் புத்தகமே போட்டார். உறவுமுறையைப் பற்றி அலமாரி நிறைய இருக்கிறது. அந்த உறவுமுறைக்குள் இருக்கிற ஒரு பெண் ராத்திரி அழுதால் யாரிடம் சொல்வாள் என்பதற்கு என் தேடலில் கிடைத்தது சொற்பம்.

வீடுகளுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை. இது சால்வடோர் மினுச்சினிடமிருந்து கற்றது. அர்ஜென்டினாவில் பிறந்தவர், நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்து, அதை வைத்து 1967ல் சேரிக் குடும்பங்கள் பற்றி மற்றவர்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். சிகிச்சை அறையில் அவர் செய்கிற வேலை நாற்காலி மாற்றுவது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எழுந்து வேறு இடத்துக்குப் போகச் சொல்வார். அதிலேயே வீட்டின் அதிகாரம் எல்லாம் வெளியே வந்துவிடும்.

எங்கள் ஊர் வீட்டில் நாற்காலி மாற்ற முடியாது. இருக்கிற ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்து எனக்குப் போட்டுவிடுவார்கள். மாமனார் கட்டிலில். மாமியார் தரையில், சுவரோரம், கால் நீட்டி. புருஷன் வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, கையில் போன். மருமகள் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உட்கார மாட்டாள். கேள்வியை அவளிடம் கேட்டால் பதில் கட்டிலிலிருந்து வரும். ஒரு வீட்டில் நான் சேரை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். உடனே மாமனார் கட்டிலை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார், மரியாதைக் குறைவாகிவிட்டதாம். அவர் போன அரை நிமிஷத்தில் மருமகள் நிலைப்படியை விட்டு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மினுச்சின் இருந்தால் ஒரு பேப்பர் எழுதியிருப்பார்.

ஆண்கள் இப்படி ஒதுங்குவதைத் திமிர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷிஃப்ட்டைப் பாருங்கள். ஏ ஷிஃப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிஃப்ட் இரண்டிலிருந்து பத்து, சி ஷிஃப்ட் பத்திலிருந்து ஆறு. வாரத்துக்கு வாரம் மாறும். ஓசூருக்கு 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தபோது ஷிஃப்ட்டுக்குப் போனது ஆண்கள். வீட்டில் ஒருவர் நிலையாக இருப்பார். இப்போது எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பெண்களைத்தான் தேடித் தேடி எடுக்கின்றன. ஓசூர்ப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸில் மட்டும் ஆயிரக்கணக்கில் பெண்கள். புருஷன் ஒரு கம்பெனியில் சி ஷிஃப்ட், பெண்டாட்டி வேறு கம்பெனியில் ஏ ஷிஃப்ட் என்றால், அவன் வந்து இறங்குகிற நேரம் அவள் பஸ் ஏறிப் போயாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வீக்லி ஆஃப் விழுந்தால் அது திருவிழா. அந்த ஒரு நாளிலும் ரேஷன் கடை, குழந்தைக்கு முடி வெட்டு, உறவில் ஒரு காதுகுத்து. தம்பதிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று என் ஆய்வுத் திட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறேன். அதற்கு முதலில் அவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜில் குடும்பம் நடத்துகிற தம்பதிகளை நிறையப் பார்த்துவிட்டேன். சிலர் அதில் நேரில் பேசுவதைவிட ஒழுங்காகப் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனில் குறுக்கே பேச முடியாதே.

ஒப்புதல் படிவம் என்று ஒன்று உண்டு. எந்த மனித ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, கலந்துகொள்கிறவரிடம் எல்லாவற்றையும் விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல விதி. ஆனால் எங்கள் தெருக்களில் பேப்பரும் பேனாவுமாக வருகிற பெண் என்றால் ஒன்று மைக்ரோ ஃபைனான்ஸ், இல்லையென்றால் நிலம் எடுக்க வருகிற ஆபீஸ். சிப்காட்டுக்கு நிலம் போன வீடுகளில் கையெழுத்து என்ற பேச்சே கசக்கும். "எத்தனை பேர் கொண்ட குழுவும்மா? வாரத் தவணையா மாசத் தவணையா?" என்று கேட்டுவிட்டு, தவணையே இல்லை, பணமும் இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு காபி கொடுத்தவர்கள் உண்டு. கடைசியில் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன்.

அடுத்தது அடியும் உதையும். இதை மெதுவாகச் சொல்ல முடியாது. முன்னே சொன்ன அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை இருக்கிற இடத்தில் 'நோய் ஆட்களுக்கு நடுவில் இருக்கிறது' என்ற தத்துவம் ஆபத்தானது. அடித்தவனையும் அடிபட்டவளையும் சமமாக உட்கார வைத்து, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பேசினால், அவள் உண்மை சொல்வதற்கான விலையை ராத்திரி வீட்டில் கொடுப்பாள். ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978லேயே இந்தத் துறையின் முகத்துக்கு நேராகப் பெண்ணியக் கேள்விகளை வைத்தார்: குடும்பத்தை ஒரு அமைப்பு என்று பார்க்கிறீர்களே, அதில் யார் கையில் அதிகாரம் என்று ஏன் பார்ப்பதில்லை? எனக்குக் கோர்ஸ் ஒர்க்கில் படித்த எல்லாவற்றிலும் மனதில் நின்றது அந்தக் கட்டுரை. அதனால் என் ஆய்வில் யாரையும் முதலில் சேர்த்துப் பார்ப்பதில்லை. தனித்தனியே. வன்முறை தெரிந்தால் ஆய்வு அங்கே நின்றுவிடும், 181 பெண்கள் உதவி எண்ணும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலரும்தான் அடுத்த படி.

குடும்பத்தைக் கூட்டி வந்து பேசினால் எல்லாம் சரியாகும் என்கிறவர்களுக்கு இன்னொன்று நினைவூட்டுகிறேன். 2018 நவம்பரில், ஓசூர் பக்கம் சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த, சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளம் தம்பதி கொல்லப்பட்டு, கர்நாடகப் பக்கம் காவிரியில் வீசப்பட்டார்கள். கைதானது பெண்ணின் குடும்பத்தார். இங்கே ஒரு காதல் தம்பதி என்னிடம் வந்து, எங்கள் வீட்டில் பேசிச் சமாதானம் செய்து வையுங்கள் என்றால், அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் 'பிறந்த குடும்பத்தோடு மீண்டும் இணைத்தல்' அத்தியாயத்தைத் திறக்க என் கை வராது. பாதுகாப்பு முதலில்.

குடும்பத்தை ஒரே உடம்பாகப் பார்த்ததில் தமிழில் நமக்கு மிக நெருக்கமான ஆய்வாளர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரைப் பற்றி எழுதும்போது, காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் சேர்த்தே படுகிறது என்று 2007லிருந்து வலியுறுத்தி வருகிறார். போரும் ஷிஃப்ட்டும் ஒன்றல்ல. ஆனால் தனி மனிதரை அளக்கிற கருவிகளை வைத்துக்கொண்டு தமிழ்க் குடும்பத்தை அளக்கப் போனால் எதைக் கோட்டை விடுவோம் என்பதை அவரைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

சரி, இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு வருகிறேன். அண்மையில் இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்.

முதலில், நம் நாட்டில் 'திருமண, குடும்ப சிகிச்சையாளர்' என்று தனி உரிமம் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1963ல் முதல் உரிமம் கொடுத்தது, இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அங்கே இதே பெயரில் முனைவர் படிப்புகள் உண்டு, அதற்குள்ளேயே மேற்பார்வையோடு குடும்பங்களைப் பார்க்கிற பயிற்சியும் உண்டு. (அந்த நாட்டில் இந்தத் தொழிலைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான பால் போபினோ, 'தகுதியானவர்கள்' மட்டும் பெருக வேண்டும் என்ற இனமேன்மைக் கொள்கைக்காரர். எல்லா வம்சத்திலும் ஒரு பெரியப்பா இப்படி இருக்கத்தான் செய்கிறார்.) இங்கே உளவியல், சமூகப் பணி, மனநல சமூகப் பணி, மனையியலில் மனித வளர்ச்சி என்று ஏதாவது ஒரு துறையில் பதிவு செய்து, குடும்பம் பற்றித் தலைப்பு எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகிறது, சேலத்தில் உளவியல் துறை இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ், கிறைஸ்ட் பல்கலைக்கழகம். போட்டி கடுமை.

இரண்டாவது, இதுதான் முக்கியம். பிஎச்டி ஆய்வுப் பட்டம். கேள்வி கேட்க, தரவு சேர்க்க, எழுதக் கற்றுக்கொடுக்கும். எதிரில் அழுகிற குடும்பத்தை என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்காது. அதற்கான கதவாக நெடுங்காலம் இருந்தது இரண்டு வருட எம்ஃபில்: மருத்துவ உளவியலுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகாரத்தோடு, மனநல சமூகப் பணிக்கு 2017 மனநலச் சட்டத்தின் வரையறைப்படி. யுஜிசி 2022 நவம்பர் விதிமுறையில் பொதுவாக எம்ஃபிலை நிறுத்திவிட்டது, இந்த இரண்டுக்கும் மட்டும் கொஞ்ச காலம் விலக்கு கொடுத்தது. அந்த இடத்தில் புதுப் படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. எனவே சேருகிற வருடத்தின் அறிவிப்பை நீங்களே படித்துக்கொள்ளுங்கள், சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். பட்டம் கிடைத்ததும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு போர்டு மாட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டேன். ஆய்வுப் பட்டத்தை வைத்துச் சிகிச்சை செய்வது தவறு, அவ்வளவுதான்.

அதே 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு, 240 நாள் வரை பிரசவ விடுப்பு. பகுதி நேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்தில் என்ஓசி வாங்க வேண்டும். அஞ்சல் வழிப் பிஎச்டி என்று யாராவது விளம்பரம் காட்டினால் நடையைக் கட்டுங்கள். கைடு விஷயத்தில் ஒரே யோசனை: அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிவிட்டுச் சேருங்கள். பெண் பார்க்கப் போகும்போது விசாரிப்பதைவிடக் கூடுதலாக விசாரிக்க வேண்டிய இடம் இது. ஆறு வருட உறவு, விவாகரத்தும் சுலபமில்லை.

எனக்கும் மேடத்துக்கும் இப்போது ஒரு விஷயத்தில் இழுபறி. மினுச்சினும் ஜே ஹேலியும் 1960களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு காரியம் செய்தார்கள். பட்டம் எதுவும் இல்லாத, அந்த ஏழைப் பகுதிகளிலேயே வாழ்கிற ஆட்களைத் தேர்ந்தெடுத்து, குடும்ப சிகிச்சைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு அமர்வையும் நேரில் பார்த்து மேற்பார்வை செய்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழுத் தலைவி, கம்பெனி ஹாஸ்டல் வார்டன் அக்கா. யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது அவர்களுக்கு ஜீனோகிராம் இல்லாமலேயே தெரியும். தெரியாதது, தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதும், எப்போது தாங்களே தலையிடாமல் 181க்கோ 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ அனுப்ப வேண்டும் என்பதும். அது கற்றுக்கொடுக்கக் கூடியது. இவர்களுக்கான பயிற்சியை என் ஆய்வின் நடுப்பகுதியாக வைக்க வேண்டும் என்கிறேன் நான். "அதெல்லாம் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைன்னு ரெண்டு பக்கம் எழுதிக்கலாம்மா, முதல்ல மாமன் கல்யாணத்தை முடி" என்கிறார் மேடம். அடுத்த டாக்டரல் கமிட்டியில் இதைத்தான் பேசப் போகிறேன். அங்கன்வாடி டீச்சரும் கூட வருகிறேன் என்கிறார், அன்றைக்கு சத்துமாவு லோடு வராமல் இருந்தால்.